எப்போது என்று கேட்காத காலம்

ராஜபாளையத்தின் கடைசி மில் சுவரும் முடிந்து, இடது கைப் பக்கம் மலை முழுசாகத் தெரிய ஆரம்பித்தபோது வெயில் நேராகத் தலைக்கு மேலே நின்றது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு, பாதி தேய்ந்த சோப்பு. பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை ஒன்றில் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு அன்று காலையில்தான் கிளம்பியிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. தொட்டித் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது. ஆனால் அதற்காக நான் எந்த வேலையையும் விட்டதில்லை. மேஸ்திரி நல்ல மனிதர். டீ குடிக்கும்போது, "தீபாவளிக்கு இருப்பீகல்ல? புதுத்துணி எடுக்கையில உங்களையும் சேத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. இரண்டு மாதம் கழித்து நான் எங்கே இருப்பேன் என்று யாருக்கும் இதுவரை வாக்குக் கொடுத்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போகலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறினால் எங்கே போகிறாய் என்று கண்டக்டர் கேட்பார். நடந்தால் யாரும் கேட்பதில்லை. காலையில் குடித்த ஒரு டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. பசி எனக்குப் பழக்கம். முதல் இரண்டு மணி நேரம் சத்தம் போடும், அப்புறம் அதுவே ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்ததால் காற்று மட்டும் குளிர்ச்சியாக வந்தது. நல்ல நடை அது.

பாதி வழிக்கு மேல் வந்திருப்பேன். சாலை ஓரத்தில் ஒரு குட்டியானை வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்னால் முழுக்க அண்டாக்கள், கரண்டிகள், விறகுக் கட்டு. டிரைவர் டயருக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்து ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புளியமர நிழலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டு பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்திக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் போன். அந்தப் போனுக்குள் ஓர் ஆண் குரல், "ஐ ஹேவ் குக்டு, யூ ஹேவ் குக்டு, ஷீ ஹேஸ் குக்டு" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னாள். நடுநடுவே இருமினாள். நெஞ்சின் அடியிலிருந்து வருகிற, விசில் கலந்த இருமல். பிறகு தானாக ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்தாள். "ஐ ஹேவ் குக்டு எஸ்டர்டே."

நான் அவர்களைத் தாண்டிப் போய்விட்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"எஸ்டர்டே வராதுக்கா" என்றேன்.

பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என் செருப்பையும் பையையும் பார்த்தாள். "பாத்தியாட்டி, ரோட்டுல போறவுகள்லாம் உனக்கு வாத்தியாரு" என்றாள். போனை வைத்திருந்தவள் சிரிக்கவில்லை. ஏன் வராது என்று கேட்டாள். நேற்று என்று சொல்லிவிட்டால் அது முடிந்துபோன கதை, அதற்கு ஹேவ் தேவையில்லை, ஐ குக்டு எஸ்டர்டே போதும் என்றேன். அவள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"எம்புட்டு படிச்சிருக்கீக தம்பி?"

"எட்டாவது."

"எட்டாவதுக்கு இம்புட்டு இங்கிலீசு வருமா?"

"எட்டாவதுக்கு வராதுக்கா. தட்டுக் கழுவினா வரும்."

அது உண்மைதான். கேரளத்து வர்க்கலையில் கடலைப் பார்த்த ஒரு விடுதியில் நான் தட்டுக் கழுவியிருக்கிறேன். அங்கே வந்து மாதக் கணக்கில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான். அங்கே போயிருக்கிறாயா, இதைப் பார்த்திருக்கிறாயா, அதைச் சாப்பிட்டிருக்கிறாயா. ஹேவ் யூ பீன், ஹேவ் யூ சீன். எப்போது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் வாழ்க்கையை வருஷ வாரியாகச் சொல்லச் சொன்னால் இடையில் பெரிய பெரிய ஓட்டைகள் தெரியும். எந்த வருஷம் எங்கே இருந்தேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. காட்டுவதற்குக் காகிதமும் கிடையாது. ஆனால் ஐ ஹேவ் வொர்க்டு, ஐ ஹேவ் சீன் என்று சொல்லும்போது ஒரு ஓட்டையும் தெரியாது. செய்தது உன்னிடம் இருக்கிறதா, இருக்கிறது. அவ்வளவுதான். தேதி இல்லாதவர்களுக்கென்றே யாரோ செய்து வைத்த காலம் அது என்று நினைத்துக்கொண்டேன். இலக்கணத்தில் அதற்கு என்ன பெயர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

வண்டிக்காரருக்கு ஜாக்கி ஏறவில்லை. பாரத்தை இறக்காமல் முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் பையை மரத்தடியில் போட்டுவிட்டு அண்டாக்களை இறக்கக் கை கொடுத்தேன். வேலை முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது போன்காரி என்னைப் பார்த்து, "சாப்ட்டாச்சா தம்பி?" என்றாள்.

"ஆச்சுக்கா."

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் வேறு பதில் கிடையாது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. இவள் என் பக்கம் லேசாகக் குனிந்து மூச்சை இழுத்தாள்.

"பொய்யி. வெறும் வயித்து வாடை அடிக்கி. மதினி, அந்த வாளியில எலுமிச்சை சோறு கெடக்குல்ல, எடு."

வெற்றிலைக்காரி வாளியைத் திறந்தாள். "இவ மூக்குக்கு முன்னால ஒருத்தன் பொய் சொல்லிர முடியாது. இவ அண்ணன்... அதான் எம் புருசன், குடிச்சிட்டு வந்தா தெரு முனையிலயே கண்டுபிடிச்சிருவா" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அவள் கணவர் போன்காரியின் அண்ணன். இருவரும் நாத்தனாரும் மதினியும். சொந்த ஊர் வன்னியம்பட்டி.

சோறு தின்றுகொண்டே விஷயத்தைக் கேட்டேன். போன்காரிதான் சமையல்காரி, இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்கிறாள். அன்று காலையில் ராஜபாளையத்தில் ஒரு வளைகாப்பை முடித்துவிட்டு, மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கிற ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாளான அன்றைய சாயங்கால விருந்தும் அவர்களுடையதுதான். அவள் பெயரே விறகடுப்புக்குத்தான். கேஸ் அடுப்பு என்று சொன்னாலே வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் நெஞ்சு புகையாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இந்தப் புகையைக் குடித்தால் அப்புறம் மூச்சு திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலைத் தவிர அவளுக்கு வேறு தொழில் தெரியாது. கொடைக்கானல் மலையில் ஒரு பள்ளிக்கூடம். வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கிற இடம். அதன் விடுதிக்குச் சமையல் தலைமைக்கு ஆள் தேடுகிறார்கள். அங்கே எல்லாம் கேஸும் ஆவியும்தான். புகை கிடையாது. யாரோ அவள் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஐந்தரைக்குப் போனில் கேள்வி கேட்கப் போகிறார்கள். இங்கிலீஷில்.

"மூச்சுக்காகத்தான் இங்கிலீசு படிக்கேன்" என்றாள். அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. அண்டா எடை சொல்வது போலச் சொன்னாள்.

டயர் மாறியதும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தானே, ஏறிக்கோங்க என்றார்கள். விறகுக் கட்டுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் அவள் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மண்டபத்துக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை. முன்கூட்டி வந்திருந்த இரண்டு ஆட்கள் அடுப்பு மூட்டி உலை ஏற்றியிருந்தார்கள். ஓர் ஓரமாக மஞ்சளில் பிடித்த பிள்ளையாரை வெற்றிலை மேல் வைத்து விளக்கு ஏற்றியிருந்தது. வத்திராயிருப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். வந்தவுடன் இலை போட வேண்டும். நான் அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கலாம். அங்கே போய் எந்தப் பஸ் முதலில் நிற்கிறதோ அதில் ஏறுவது என் வழக்கம். ஆனால் தின்ற சோறு உள்ளே இருந்தது. தேங்காய் துருவிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு ஒரு இடத்தில்தான் சிக்கல். ஐ ஆம் குக்கிங் சின்ஸ் ட்வெண்டி டூ இயர்ஸ் என்றே வாயில் வந்தது. ஐ ஹேவ் பீன் குக்கிங் ஃபார் ட்வெண்டி டூ இயர்ஸ் என்று நான் சொன்னால் சரியாகச் சொல்வாள், அடுத்த நிமிஷம் பழையபடி. ஏன் ஹேவ், ஏன் வெறும் குக்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போனில் பாடம் நடத்துகிறவர் கோடு போட்டு, அம்பு போட்டு விளக்கியிருந்தார். அது அவளுக்கு ஏறவில்லை. எனக்கும் ஏறாது.

"அடுப்பு இன்னும் எரியுதா? அப்ப ஹேவ். அடுப்ப அணைச்சாச்சுன்னா வெறும் குக்டு" என்றேன்.

"அணைச்சாச்சுன்னு சொல்லாதீக. அடுப்பு குளுந்துருச்சுன்னு சொல்லணும்" என்று திருத்தினாள். பிறகு செத்த நேரம் யோசித்தாள். "அப்ப, செஞ்சது இன்னும் சூடா இருந்தா ஹேவ். ஆறிட்டா ஹேவ் இல்ல."

நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது. அதற்கப்புறம் அவள் தப்பே விடவில்லை. காலையில் செய்த வளைகாப்பு ஆறிவிட்டது, ஐ குக்டு திஸ் மார்னிங். சாம்பார் இப்போதுதான் இறங்கியிருக்கிறது, ஐ ஹேவ் மேட் சாம்பார். மதினி பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே என்னிடம், "ஏலே இங்கிலீசு, உனக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாள். ஆகலை என்றேன். "இதுக்கு இங்கிலீசுல ஹேவ் உண்டா, இல்ல அதுவும் ஆறிப்போச்சா?" என்றாள். கொட்டகையே சிரித்தது. சமையல்காரியும் சிரிக்கப் போய், இருமலில் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அதோடு நின்றது.

நான் ஒரு உபாயம் சொன்னேன். எனக்குத் தெரிந்த உபாயம். பெரிய ஹோட்டலில் வேலை பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் ஐ ஹேவ் என்று சொல்லுங்கள், வெளிநாட்டுச் சமையல் தெரியுமா என்றால் அதற்கும் ஐ ஹேவ் என்று சொல்லுங்கள், எப்போது எங்கே என்று அவர்களாகக் கேட்க மாட்டார்கள் என்றேன். நான் பாதி வேலைகளை அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். ராஜபாளையத்துப் பட்டறையில்கூட வெளுப்பு வேலை செய்திருக்கிறேன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். அவள் கேட்டுவிட்டு, "செஞ்சதச் சொன்னாப் போதும் தம்பி. செய்யாததச் சொல்லி மலை மேல ஏறினா, பொறவு அங்க வச்சு மூச்சு முட்டும்" என்றாள்.

இதற்கு நடுவே ஒரு காரியம் நடந்தது. சாம்பார் அண்டா என் பக்கத்தில்தான் இறங்கியிருந்தது. ஹோட்டல் சமையலறைகளில் வளர்ந்த கை. கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்கப் போனேன். மதினி என் மணிக்கட்டில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"எச்சி பண்ணாதலே. மொத இலை போகல."

அப்போதுதான் தெரிந்தது. பிள்ளையாருக்கு முதல் இலை போட்டு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைக்கும்வரை அந்தக் கொட்டகையில் ஒருத்தர் நாக்கும் சமையல் மேல் படக்கூடாது. உப்பு பார்ப்பதெல்லாம் மூக்கால்தான். சமையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். கரண்டியால் சாம்பாரை உயரத் தூக்கி ஊற்றினாள். எழுந்த ஆவியில் முகத்தைக் காட்டினாள். "ஒரு கை உப்பு பத்தல" என்றாள். போட்டார்கள். மறுபடி தூக்கி ஊற்றினாள். சரி என்று தலையை ஆட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். கல்யாணக் கூட்டம் சாப்பிட்டு எழுந்து போன பிறகு, கடைசிப் பந்தியில்தான் தன் சமையலை அவள் வாயில் வைப்பாள்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. விறகுக் கட்டு மேல் அவள் உட்கார்ந்தாள். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். நான் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். நிதானமான குரல். அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு காலமாகச் சமைக்கிறீர்கள் என்று கேட்டது. அவள் ஐ ஹேவ் பீன் குக்கிங் என்று ஒரு எழுத்துத் தப்பாமல் சொன்னாள். எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறீர்கள் என்றது. சொன்னாள். நீராவி அடுப்பில் சமைத்திருக்கிறீர்களா? நோ மேடம், ஐ ஹேவ் நாட், ஐ வில் லேர்ன். நான் நெற்றியில் கை வைத்தேன். ஆனால் அந்தக் குரல் நல்லது என்றது. மதினி நறுக்குவதை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. சும்மா வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. ருசி பார்க்காமல் எப்போதாவது உணவைப் பரிமாற அனுப்பியிருக்கிறீர்களா? எந்தச் சமையல்காரரும் இல்லை என்றுதான் சொல்வார்.

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "ஐ ஹேவ் நெவர் டேஸ்டட், மேடம். ட்வெண்டி டூ இயர்ஸ், ஐ ஹேவ் நெவர் டேஸ்டட்."

அவ்வளவு சுத்தமான இங்கிலீஷை அன்று முழுக்க அவள் பேசவில்லை. தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. கொஞ்சம் குழப்பிச் சொல்லியிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். அந்தப் பக்கம் பேச்சில்லை. நான் கையை ஆட்டி, சம்டைம்ஸ் சொல்லுங்க, சம்டைம்ஸ் டேஸ்ட் என்று வாயை அசைத்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்து மறுத்தாள். தான் சொன்னது ஒரு பெருமை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது குற்றமாகக் கேட்டிருக்கிறது என்று அந்த மௌனத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

குழந்தைகள் சாப்பிடும் இடம், ருசி பார்க்காமல் எப்படி அனுப்ப முடியும் என்று குரல் கேட்டது. கோபமாக இல்லை. ஆனால் கதவைச் சாத்தப் போகிற குரல். சமையல்காரிக்கு ஹேவ், ஹேஸ் எல்லாம் போய்விட்டது. மூக்கு, ஆவி, சாமி, முதல் இலை என்று தெரிந்த சொற்களை அள்ளிப் போட்டாள். நோஸ் சொல்லும் மேடம், சால்ட் ஸ்மெல் தெரியும் மேடம். அதற்குள் இருமல் வந்துவிட்டது. குரல் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு, இப்போது அடுப்பில் ஏதாவது இருக்கிறதா, அங்கே இருக்கிற யாராவது ஒருவர் ருசி பார்த்து எனக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டது. நான் சட்டென்று எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி" என்றாள் அவள். பிறகு போனைப் பார்த்து, "நோ மேடம். ஃபர்ஸ்ட் லீஃப் நாட் கான்" என்றாள்.

அந்த இடத்தில் நான் அவளை விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். போச்சு என்று நினைத்தேன். என்னுடைய மூச்சாக இருந்திருந்தால் நான் பத்து இலைக்கு முன்னாலேயே தின்றிருப்பேன்.

மதினி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். வாழைக்கட்டிலிருந்து ஒரு நுனி இலையை உருவித் தண்ணீர் தெளித்துப் பிள்ளையாருக்கு முன்னால் போட்டாள். அப்போதுதான் வடித்திருந்த முதல் சோற்றில் ஒரு கரண்டி, சாம்பார், கூட்டு. பாயசம் இன்னும் ஆகவில்லை. ஒரு வெல்லக் கட்டியை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள்.

"பாயசத்துக்குப் பதிலா ஒரு கட்டி வெல்லம் வச்சிருக்கேன். வத்திராயிருப்புக்காரவுக வார வரைக்கும் நீரு பொறுத்துக்கிடும்" என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுச் சூடம் கொளுத்தினாள். மூன்று சுற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே இங்கிலீசு. இப்பத் தின்னு."

நான் சமையல்காரியைப் பார்த்தேன். அவள் கைகூப்பி நின்றிருந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். கரண்டியில் சாம்பாரை எடுத்து ஊதிக் குடித்தேன். எத்தனையோ ஊர்ச் சமையலறைகளில் எத்தனையோ சாம்பார் குடித்திருக்கிறேன். உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விறகுக் கட்டு மேல் இன்னும் லைனில் இருந்த போனை எடுத்து, உப்பு சரியாக இருக்கிறது மேடம், ஷீ ஹேஸ் புட் இட் ரைட் என்றேன்.

நீங்கள் யார் என்று கேட்டது குரல். அடுத்து, "ஹௌ லாங் ஹேவ் யூ நோன் ஹர்?"

எத்தனை காலமாக அவளைத் தெரியும். பொய் சொல்ல நல்ல இடம் அது. பத்து வருஷம் என்று நாக்கு நுனி வரை வந்தது. எதிரே சாட்சி போலப் பிள்ளையார், இலை, வெல்லக் கட்டி. அதைவிட, அந்த மூக்கு.

"ஐ ஹேவ் நோன் ஹர் சின்ஸ் டூ ஓ க்ளாக், மேடம்" என்றேன்.

பிறகு அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. வாய் விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு நிதானமாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை மலைக்கு வாருங்கள், ஒரு வேளை பிள்ளைகளுக்குச் சமைத்துக் காட்டுங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். ஆனால் இங்கே ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் பரிமாறுவதற்கு முன் சமைத்தவரைத் தவிர வேறொருவர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் முதல் இலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்குத் தடை இல்லை. அதற்கப்புறம் ருசி பார்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு மணியிலிருந்து தெரிந்தவர் வந்தாலும் சரி.

போன் அணைந்தது. சமையல்காரி மறுபடி விறகுக் கட்டு மேல் உட்கார்ந்தாள். மதினி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "என்னட்டி சொன்னாக? எனக்கு சிரிப்பு மட்டுந்தான் புரிஞ்சது" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் ஹாரன் கேட்டது. எல்லோரும் எழுந்து அவரவர் வேலைக்கு ஓடினோம். எனக்கு மோர் வாளி கிடைத்தது.

வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. தீபாவளியைப் போலத் தூரம் இல்லை. ஆனாலும் அது ஒரு தேதிதான். அன்று ராத்திரி கொட்டகையில் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தபோது பையைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். எழுந்தவுடன் எடுத்துக்கொண்டு போக வசதியாக இருக்கட்டும் என்றுதான். அயர்ந்து தூங்கிவிட்டேன்.

விடியற்காலையில் இருமல் சத்தத்தில் முழிப்பு வந்தது. பெரிய உலைக்கு அவளே தீ மூட்டிக்கொண்டிருந்தாள். கருவேல விறகு ஈரம். புகை கொட்டகை முழுக்கத் தரையோடு தவழ்ந்தது. அவள் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள். நான் முகம் கழுவிவிட்டு வந்தேன். பை தலைமாட்டிலேயே கிடந்தது.

"சாப்ட்டாச்சா தம்பி?" என்றாள். விடியற்காலை நாலரை மணிக்கு. எங்கள் ஆட்களுக்கு வேறு காலை வணக்கம் தெரியாது.

"இன்னும் இல்லக்கா" என்றேன். இந்தக் கேள்விக்கு அப்படி நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஊதுகுழலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "நீங்க வாசப்படிக்கிட்டப் போய் நில்லுங்க. காத்து அந்தப் பக்கத்துல இருந்து வருது. என்ன போடணும்னு அங்க இருந்தே சொல்லுங்க. வியாழக்கிழம வரைக்கும் அடுப்பு எனக்கு."

"அதுக்குப் பொறவு?" என்று பூசணிக்காய்க்குப் பின்னாலிருந்து மதினி கேட்டாள்.

என் வாயில் ஊதுகுழல் இருந்தது. சமையல்காரி வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். மலைக்காற்று அவள் முகத்தில் பட்டது. இரண்டு முறை நன்றாக மூச்சு இழுத்து விட்டாள். நான் ஈர விறகைத் தள்ளிவிட்டுக் காய்ந்த தென்னம்பாளையைச் செருகினேன். தீ பிடித்தது. அன்று அறுநூறு பேர் சாப்பாடு. முதல் இலை போகும்வரை நான் எதையும் வாயில் வைக்கவில்லை.